என் நினைவாக ஓர் உதவித்தொகை

நான் படித்த கல்லூரியில் சில வருடங்கள் என் நினைவாக ஓர் உதவித்தொகை கொடுத்தார்கள். வசதி இல்லாத பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தார்கள், நல்ல காரியம்தான். அதில் இருந்த ஒரே கோளாறு, நான் சாகவில்லை. தாராவியில் காலையில் ஷட்டரைத் தூக்கி, ராத்திரி இறக்கி, நடுவில் வாடிக்கையாளர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு நன்றாகவே உயிரோடு இருந்தேன். கல்லூரி இருப்பது மாட்டுங்காவில். என் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்லத் தொடங்குவேன். பாதிக்கு மேல் எனக்குச் சிரிப்பு வராது. அதனால் இப்போதெல்லாம் யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை. எழுதினால் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

தாராவியில் பை தைக்கும் பட்டறைகள் ஏராளம். அந்தப் பைகளுக்கு வேண்டிய ஜிப், அதில் ஓடும் ரன்னர், பக்கிள், உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணி, இதெல்லாம் என் கடையில் கிடைக்கும். அப்பா ஆரம்பித்த கடை. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தன் மகன் இந்தக் கல்லாவில் வந்து உட்காரக் கூடாது என்பதற்காகவே என்னை மாட்டுங்காவில் பி.காம். சேர்த்தார். கடைசி வருடம் காஸ்டிங் கணக்குப் பரீட்சையில் எனக்குப் போய்விட்டது. அக்டோபரில் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அப்பா படுத்துவிட்டார். கடையில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்லூரியில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு சிநேகிதன். மாட்டுங்காக்காரன். அப்பா, பெரியப்பா எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். என் தமிழைக் கேட்டு அவன் சிரிப்பான், அவன் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சு எங்களுடையது. படிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய், காவல்காரன் விசிலடித்துத் துரத்துகிறவரை பேசிக்கொண்டிருப்போம். அப்படி என்னதான் பேசினோம் என்று இன்றைக்கு யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பேச்சு ஓயாது, அது மட்டும் நினைவிருக்கிறது. காலேஜ் டே அன்று எனக்கு நல்ல சட்டை இல்லை என்று தன்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு நான் நிற்க, அவனே படமும் எடுத்தான். சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ரிசல்ட் வந்த அன்று போர்டைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "நீ பெஞ்சுலே உக்காந்திரு, ரெண்டு பேர் நம்பரையும் நான் பாத்துண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் வரவில்லை. கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பாஸாகியிருந்தால் அவன் ஓடி வந்திருப்பான். ஆனாலும் விளக்குப் போடுகிறவரை உட்கார்ந்திருந்தேன். நம்பர் இல்லை என்று சொல்லவாவது வருவான் என்று நினைத்தேன். பிறகு ஒரு வடாபாவ் தின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதோடு சரி. அவன் வங்கி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் என்னைத் தேடி வரவில்லை. வராதவனைத் தேடி நான் ஏன் போக வேண்டும் என்று நானும் போகவில்லை. இதைச் செய்யப் பெரிய மனவுறுதி எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்குப் போகவில்லை, நாளைக்கும் போகவில்லை, அப்படியே முடி நரைத்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தேன். வீட்டு லேண்ட்லைன் அடித்தது. அந்தப் போனைத் துண்டித்துவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் அம்மா விடவில்லை. அப்பா வாங்கிய இணைப்பு, அப்படியே இருக்கட்டும் என்பார். அம்மாதான் எடுத்தார். காலேஜிலிருந்து என்று தெரிந்ததும் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து, கொஞ்சிப் பேசி, கடைசியில் கட்டட நிதி கேட்பார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் சோற்றுக் கையை ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

"அவன் இல்லம்மா" என்றார் அம்மா.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பொய் நீளமாக வராது. அடுத்த வாயில் உண்மைக்கு வந்துவிடுவார்.

"அவன் கடைசி வருசமே தவறிட்டாம்மா... ஆமா... அந்த ஒரு பரீட்சதான். மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தான்... என்ன செய்ய, அவன் தலையெழுத்து அப்படி. அதுக்குப் பொறவு அவுக அப்பாவும் ரொம்ப நாள் இருக்கல... அழாத பிள்ள. அழுது இனி என்ன ஆவப்போவுது? நாங்கல்லாம் மனச தேத்திக்கிட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கழித்தும், ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் மகன் பெயிலான கதையைச் சொல்லியே ஆக வேண்டுமா? சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா என் கோபத்தைக் கவனிக்கவே இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குல அழுவுதா அந்தப் பிள்ள?" என்றார். "நீ தவறினதுக்கா? பெத்தவ நானே அழல, உன்னத் திட்டத்தான செஞ்சேன். நல்ல மனசுக்காரப் பிள்ள போல."

அம்மா ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே பரீட்சையில் தேறுவார்கள் அல்லது தவறுவார்கள். பெயில் என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. செத்தவர்களையோ எங்கள் வீட்டில் செத்துப்போனார் என்போம், மரியாதைக்குரியவர் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்போம். போன் செய்த பெண் செம்பூரில் பிறந்து, இங்கிலீஷில் படித்து, வீட்டில் பேசும் அளவுக்கு மட்டும் தமிழ் தெரிந்தவள். அவள் வீட்டில் பரீட்சை என்றால் பாஸ் அல்லது பெயில். தவறிவிட்டார் என்ற சொல்லை அவள் கேட்டதெல்லாம் உறவில் சாவு விழும்போது மட்டும்தான். ஒரு சொல்லில் அம்மா ஒரு பக்கம் நின்றார், அவள் இன்னொரு பக்கம் நின்றாள். நடுவில் நான் செத்துப்போனேன். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சோறு ஆறிப்போனது மட்டும்தான்.

அதன்பிறகு கல்லூரியிலிருந்து போன் வரவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்கு மறுபடி பேசித் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பெயிலானவனிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டார்கள் போல, என நான் நினைத்துக்கொண்டேன்.

விஷயம் என் கடைக்கே வந்து சேர்ந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம். ஸ்கூல் பை தைக்கும் பாய் ஒருவர் என்னிடம் வருடக்கணக்காக ஜிப் வாங்குகிறார். மேலப்பாளையத்துக்காரர். அன்று சரக்கு வாங்க வந்தவர் கையில் ஸ்வீட் பெட்டி இருந்தது.

"அண்ணாச்சி, மூத்த பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ கட்டுதாங்களாம், முழுசா. அதே காலேஜ்ல முன்னால படிச்ச ஒருத்தர் பேருல குடுக்காங்க. ஒங்க பேரேதான். பாவம், சின்ன வயசுலயே மவுத்தாயிட்டாராம்."

செல்போனை என் பக்கம் திருப்பினார். அழைப்பிதழ். நடுவில் ஒரு போட்டோ, அதைச் சுற்றிப் பூ வேலைப்பாடு. முகத்துக்கு முன்னால் நான் அடையாளம் கண்டது சட்டையை. நீலக் கட்டம்.

"பரீட்சைல பெயிலாயி ஏதோ பண்ணிக்கிட்டாராம். கூடப் படிச்சவங்க சேந்து அவரு நெனப்பா குடுக்காங்க" என்றார் பாய். "பங்ஷனுக்கு நீங்களும் வரணும் அண்ணாச்சி. மேடையில இங்கிலீஷ்ல பேசுவாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஒங்களுக்குத் தெரிஞ்ச காலேஜ்தானே."

லட்டு வாயில் இருந்தது. வருகிறேன் என்று தலையாட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "போன்ல ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுபோவுது, நான் இருக்கேன்னு" என்றாள். நியாயம்தான். ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அந்தப் படம் ஒரே ஒருவனிடம்தான் இருந்திருக்க முடியும். அவன் வருவானா, வந்து என்ன சொல்வான் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? தன் மகன் பெயிலானதற்கு உலகத்தில் ஒருத்தியாவது அழுதாள் என்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த அழுகை எதற்கு என்று சொல்லி அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரி ஹாலில் ஏ.சி. போட்டிருந்தார்கள். நாங்கள் படிக்கும்போது மின்விசிறியே பாதி ஓடாது. வாசலில் மேஜை போட்டு, படித்த வருடத்துக்கு ஒரு நிறமாகப் பேட்ஜ் குத்தினார்கள். என்னோடு படித்தவர்களுக்குப் பச்சை. பச்சை பேட்ஜ் குத்திய தொந்தியும் வழுக்கையும் ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு வெள்ளை கொடுத்தார்கள், உதவி பெறும் மாணவியோடு வந்தவர் என்று. கடைசிக்கு முந்தின வரிசையில் பாயும் அவர் மகளும் நானும் உட்கார்ந்தோம்.

திரையில் என் படம் வந்தது. மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தொகுத்துப் பேசிய பெண், இப்போது எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றாள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பாய் எழுந்தார், அவர் மகள் எழுந்தாள். நானும் எழுந்து நின்றேன். வேறென்ன செய்வது? எனக்காக நானே தலை குனிந்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அதுதான் வேடிக்கை. யாரோ ஒரு சின்னப் பையன், நல்ல சட்டை போட்டவன், பரீட்சையில் போய்விட்டது என்று செத்துவிட்டானாம். பாவமாகத்தானே இருக்கும்.

"படத்துல ஒங்க சாட இருக்கு அண்ணாச்சி" என்று பாய் காதருகே சொன்னார்.

பிறகு அவன் மேடைக்கு வந்தான். முன்நெற்றி ஏறி, கண்ணாடி போட்டு, சட்டை மட்டும் அப்போது போலவே மடிப்புக் கலையாமல். கொஞ்ச நேரம் இங்கிலீஷில் பேசினான். இந்த உதவித்தொகைக்கு நண்பர்கள் எல்லோரும் எப்படிக் கை கொடுத்தார்கள் என்று நன்றி சொன்னான். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

"அன்னிக்கு அவன் நம்பர் போர்டுலே இல்லே. அதை அவன்கிட்ட சொல்ல நேக்கு தைரியம் வரலே. பின்பக்கம் கேட் வழியா ஆத்துக்குப் போயிட்டேன். அவன் பெஞ்சுலே எனக்காகக் காத்துண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்துலே உக்காந்திருந்தா அவன் இன்னிக்கு இந்த ஹாலிலே இருந்திருப்பான்."

அதோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஹாலில் பலரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் இந்த ஹாலில்தான் இருக்கிறேன் என்று எழுந்து கத்தியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். வந்தபோது எனக்கு அவன்மேல் இருந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை. நடந்தே வந்துவிடக்கூடிய வீட்டுக்குத் துக்கம் கேட்கக்கூட வராதவன் மேடை போட்டு அழுகிறானே என்ற கோபம். அவன் இந்தப் பழியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இனி ஒரு நிமிடம்கூட அவன் இதைச் சுமக்கக் கூடாது என்று இருந்தது. அதோடு இன்னொரு ஆசையும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெஞ்சு எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

பாயின் மகள் சான்றிதழ் வாங்கினாள். கைதட்டினோம். எல்லோரும் சமோசாவுக்குக் கலைந்தார்கள். அவன் டீக் கோப்பையோடு தனியாக ஜன்னலோரம் நின்றான். பக்கத்தில் போய் நின்றேன். என் வெள்ளை பேட்ஜைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"நீங்கோ... அவனோட தம்பியா?"

"ஒன் சட்டைய இன்னும் திருப்பிக் குடுக்கல" என்றேன்.

டீ அவன் கையிலும் என் செருப்பிலும் கொட்டியது. என் தோளைத் தொட்டான், காதைத் தொட்டான், சந்தையில் காயைப் பார்ப்பதுபோல அழுத்திப் பார்த்தான்.

"நீ செத்துப்போயிட்டேடா" என்றான். குற்றம் சொல்கிற மாதிரி.

"சாகலடா. பெயில்தான் ஆனேன்."

என்னைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். கூட்டம் திரண்டது. பச்சை பேட்ஜ்கள் ஓடி வந்து, விஷயம் புரிந்து, சிரித்து, படம் எடுத்து, ஆளாளுக்கு என் முதுகில் அடித்தார்கள். மேடையில் தொகுத்துப் பேசிய பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அன்று போன் செய்தவள் அவள்தான். "ஆன்ட்டி தவறிட்டான்னுதானே சார் சொன்னாங்க? அந்த ஒரு பரீட்சைதான்னாங்க. மத்லப், அதாவது... தவறிட்டான்னா எக்ஸ்பயர்டுதானே?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள். அம்மா சொன்னது சரி, நல்ல மனசுக்காரப் பெண்தான். பாய் கொஞ்சம் தள்ளி நின்று என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் அவன் கேட்டான். "இத்தனை வருஷமா எங்கேடா இருந்தே?"

"அங்கயேதான். அதே வீடு. அதே போன் நம்பர்."

நான் விட்டிருக்கலாம், என் வாய் விடவில்லை. "துக்கம் கேக்கக்கூட நீ வரலயேடா. வந்திருந்தா நாந்தான் கதவத் தொறந்திருப்பேன்."

"எந்த மூஞ்சியோட ஒங்கம்மாவைப் பாப்பேன்? நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிண்டிருந்தேனேடா." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு மெதுவாக, "நீ செத்துட்டேன்னு நெனச்சு நான் வரலே. நீ நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சேதானே வரலே? அதுக்கு என்ன சொல்றே?" என்றான்.

சமோசாத் தட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். இருவரும் தின்றோம்.

அடுத்த நாளே என்னை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். முதல் நாள் பூராவும் என்னைப் பற்றித்தான் பேச்சு. செத்துப் பிழைத்தவன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பழையபடி காலை வணக்கப் படங்களும் மூட்டு வலிக்கு வைத்தியமும் வர ஆரம்பித்தன. நடுவில் ஒருவர், இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி நம்மிடம் நிதி வாங்கியது சரியா என்று கேட்டார். யாரும் பதில் எழுதவில்லை, அவர் கேட்டதையும் அழிக்கவில்லை. இல்லாத ஒருவர் என்று அவர் சொன்னது என்னைத்தான். இருந்துகொண்டே அதைப் படித்தேன்.

கல்லூரியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். "சார், நினைவுங்கற வேர்டை மட்டும் எடுத்துட்டு அப்படியே கன்டின்யூ பண்ணலாமான்னு கேட்டுப் பார்த்தேன். கமிட்டியிலே யோசிக்கறாங்க." சில மாதம் கழித்து மறுபடி பேசினாள், குரல் இறங்கியிருந்தது. இந்தத் தடவை பணம் சேரவில்லை, நிதியை மூடப் போகிறார்கள். "ஒரு ஃபேஸ் வேணும் சார். ஃபேஸ் இருந்தாத்தான் டோனர்ஸ் கொடுக்கறாங்க."

"என் மூஞ்சி இருக்கேம்மா" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது... அந்த போட்டோ வேற சார்" என்றாள்.

உண்மைதானே. அந்தச் சட்டைக்காரனுக்காக ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். ஜிப் விற்கிறவனுக்காக யார் எழுந்து நிற்பார்கள்? நானே நிற்க மாட்டேன்.

பாயின் மகள் படிப்பு நிற்கவில்லை. மீதி ஃபீஸை என் சிநேகிதன் தானே ஏற்றுக்கொண்டான், அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்காக அவனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் புதிதாக யாருக்கும் கிடையாது. "சின்னவளும் அடுத்த வருசம் அதுல எழுதிப் போடலாம்னு இருந்தேன் அண்ணாச்சி" என்று பாய் ஒரு நாள் ரன்னர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அல்லா ஒங்களுக்கு நெறய ஆயுசக் குடுக்கட்டும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

சிநேகிதன் என் வீட்டுக்கு வருகிறேன், வருகிறேன் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். சந்துக்குள் டாக்ஸி வராது. முனையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நடந்து வந்தான். அம்மாவுக்கு அவனை நினைவிருந்தது. "சட்ட குடுத்த பிள்ளையா? வாய்யா, உக்காரு. எவ்வளவு காலம் ஆச்சு" என்று டீ போடப் போனார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, சொல்லிவிடாதே என்று முன்பே அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தான். அப்பா படத்தில் மாலை இருந்தது. அவன் கண் அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. நான் கவனித்ததை அவனும் கவனித்துவிட்டான்.

பேசினோம். அவன் மகள் கனடாவில் இருக்கிறாள். மாட்டுங்கா வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், இப்போதைக்குச் செம்பூரில் வாடகைக்கு இருக்கிறான். மனைவிக்கு முழங்கால் வலி. நான் சீனாவிலிருந்து வரும் ஜிப்பைப் பற்றிச் சொன்னேன். ரன்னர் எப்படிப் பல் விட்டுப்போகும் என்று ஒரு ஜிப்பை எடுத்துக் காட்டவும் செய்தேன். அவன் மரியாதையாகப் பார்த்தான். டீ வந்தது, குடித்தோம். மின்விசிறி ஓடியது. அவன் செல்போனை எடுத்து, ஒன்றும் பார்க்காமல் திரும்ப வைத்தான். காவல்காரன் விசிலடித்துத் துரத்த வேண்டியிருந்த இரண்டு பேர் இவர்கள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அம்மா பாத்திரத்தோடு உள்ளே போனதும் மெல்லச் சொன்னான். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? தினம் கார்த்தாலே விளக்கேத்தறச்சே உன் பேரையும் சொல்லிண்டிருந்தேன், நீ இல்லேன்னு கேட்ட நாள்லேர்ந்து. இப்போ என்ன பண்றதுன்னு தெரியலே. அந்த இடம் வந்தா வாய் நின்னுபோறது."

"இப்பவும் சொல்லேன்டா. உசிரோட இருக்கவனுக்குச் சொல்லக் கூடாதா?"

சிரித்தான். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் முகம் விழாவில் பார்த்ததைவிடத் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறவன் முகம். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அவன் கழுத்தில் இருந்தது இறங்கிவிட்டது. அது இருந்தவரைதான் தினமும் காலையில் அவன் என் பெயரைச் சொன்னான். அவனோடு பேசிய எந்தப் பேச்சைவிடவும் அது எனக்குப் பெரிதாகப் பட்டது. என்னை அப்படித் தினமும் நினைத்த ஆள் வேறு யாரும் இல்லை. நான்தான் போய் நிறுத்தினேன்.

டாக்ஸிக்காரன் போன் செய்தான். இவன் எழுந்தான். உள்ளே பார்த்து அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டான். என் கையைப் பிடித்து அழுத்தினான். வாசலில் குனிந்து ஷூவை மாட்டினான். பிறகு தலையைக் குனிந்தபடியே படியிறங்கிச் சந்துக்குள் நடந்துவிட்டான்.

அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னல இவன், நல்லாப் படிச்ச பிள்ள" என்றார். "போய்ட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லாம, எழவு வீட்டுலேந்து போற மாதிரி போறான்?"

"டாக்ஸி நிக்கும்மா. அவசரத்துல மறந்திருப்பான்" என்றேன்.

மறந்துதான் இருப்பான். செருப்பைக்கூட மாட்டாமல் சந்து முனைவரை ஓடினேன், வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடா என்று கேட்க. டாக்ஸி மெயின் ரோட்டில் திரும்பிவிட்டது. திரும்பி வந்து, காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவன் அதற்குப் பிறகு வரவில்லை.